மனநலமும் இனநலமும்

'மனநலம்' என்னுஞ் சொல் தமிழில் நேற்றுப் பிறந்ததன்று. மருத்துவரும் கல்வித்துறையாரும் இந்நாளில் அதனை மிகுதியும் வழங்குதலால், ஆங்கிலத்தினின்று பெயர்த்துக்கொண்ட புதுச்சொல்லெனச் சிலர் எண்ணுவர். திருக்குறளிற் சிற்றினஞ்சேராமை என்னும் நாற்பத்தாறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பார்க்கு உண்மை விளங்கும். அங்கே ஆசிரியர் மனநலத்தைத் தனித்துக் கூறாது 'இனநலம்' என்பதனோடு இணைத்தே கூறிச் செல்கின்றார். மனநலம் நன்குடைய சான்றோர்க்கும் இனநலம் ஒரு காவல் என்பதும், அறிவு ஒருவன் மனத்தில் உள்ளதுபோலத் தோன்றினும் ஆராயுங்கால் அவன் சேர்ந்த இனத்திலேயே உள்ளதாம் என்பதும் அவர் துணிபு. அவர் கருதிய மனநலம் மனத்தின் தூய்மை; இக்காலத்தார் கருதுவது மனத்தின் நோயின்மை. இரண்டும் ஒன்றெனச் சாதிக்க நாம் முற்படவில்லை. ஆயினும் இரண்டிற்கும் வேர் ஓரிடத்தே உள்ளது என்பதை இக்கட்டுரையிற் காட்ட விழைகின்றோம்.

ஈண்டு 'இனம்' என்றது பிறப்பாற் குறிக்கப்படும் குலத்தையன்று. ஒருவன் நாடோறும் கூடிப் பழகுங் கூட்டத்தை. இச்சொல்லைப் பிற்காலத்தார் பிறப்புக்கே உரியதாக்கியது தமிழுக்கு நேர்ந்த இடர்களுள் ஒன்றென்றே தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் நமக்குத் தோன்றுகின்றது.

மாணாக்கரது மனநலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், அதனை அவரவர் தலைக்குள்ளே நிகழும் ஒன்றாகவே கொண்டு, மருத்துவரையும் மன ஆலோசகரையும் நாடுமாறு கூறுவர். அது வேண்டுவதே. ஆனால் வகுப்பறையிலும் உணவுச்சாலையிலும் பேருந்திலும் அவன் எவ்வாறு நோக்கப்படுகின்றான், எவ்வாறு அழைக்கப்படுகின்றான் என்பதை மாற்றாமல் அவன் மனத்தை மட்டும் திருத்த முயல்வது, கல்லெறிவாரைத் தடுக்காது காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருத்தலை ஒக்கும். மேல்நாடுகளில் இவ்வாராய்ச்சி நிறவேற்றுமை பற்றி எழுந்தது. தூத்துக்குடிக் கரையிலும் தாமிரபரணிப் பாங்கரிலும் வாழும் நமக்கு அது சாதி வேற்றுமை பற்றியதாம்.

வள்ளுவர் கூற்றுக்கு உரை வகுத்தாற்போன்ற சோதனையொன்று உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் நிகழ்ந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலறிஞர் இருவர் அதனை நடத்தி, 2004-ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். உயர்சாதியினர் எனப்படுவார் வீட்டுச் சிறுவர் 321 பேரும், தாழ்த்தப்பட்டோர் வீட்டுச் சிறுவர் 321 பேரும் அதிற் கலந்துகொண்டனர். தாளில் வரைந்த சுற்றுவழிப் புதிர்களில் வழி கண்டுபிடிப்பதே அவர்க்கு இட்ட வேலை. அதற்குச் சிறு காசும் பரிசாகக் கொடுத்தனர். சாதியை எவரும் எடுத்துரையாதபோது இரு திறத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவிற் புதிர்களை விடுவித்தனர். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனையும் நோக்கி, அவன் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர் ஆகியவற்றோடு சாதியையும் யாவருங் கேட்க வாசித்தனர். அவ்வளவே. வைதாரில்லை, அடித்தாரில்லை. எனினும் தாழ்த்தப்பட்ட சிறுவர் விடுவித்த புதிர்களின் தொகை தெளிவாகக் குறைந்துபோயிற்று. சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்தபோதோ, உயர்சாதிச் சிறுவரது திறனும் குன்றிற்று என்பது அவ்வாராய்ச்சியின் மற்றொரு முடிபு. இப்பின்னதனைப் பலர் எடுத்துக் கூறுவதில்லை. சமத்துவம் ஒரு சாரார்க்கு மட்டும் வழங்கும் சலுகை என்று எண்ணுவோர் இதனைச் சிறிது நின்று நோக்குவாராக.

சிறுவனும் அவனே, புதிரும் அதுவே. அறிவு மட்டும் எங்ஙனம் குறைந்தது? 1995-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவரிடையே கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்னும் உளநூலார் நிகழ்த்திய சோதனையும் இவ்வினாவுக்கே விடை தேடிற்று. 'இது உங்கள் அறிவை அளக்குந் தேர்வு' என்று கூறி வினாத்தாளைக் கொடுத்தபோது அம்மாணவர் குறைவான மதிப்பெண் பெற்றனர். அவ்வாறு கூறாது கொடுத்தபோது வெள்ளை மாணவரோடு ஒத்து நின்றனர். தம் குலத்தைப் பற்றி உலகம் கொண்டுள்ள இழிவான எண்ணத்தைத் தம் விடை மெய்ப்பித்துவிடுமோ என்னும் அச்சமே அவர் கவனத்தைப் பங்கிட்டுக்கொண்டது என்பது அவர் கண்ட விளக்கம்.

இதனை நம் கடற்கரை வழக்கைக்கொண்டு விளக்கலாம். முத்துக்குளித்தல் தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதன் முறைகளைப் பற்றிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. முற்காலத்துக் குளிப்பவன் கல்லைத் துணையாகக்கொண்டு ஆழத்திற் சென்று, மூச்சடங்கும் வரையிற் சிப்பி பொறுக்குவான். மேலே படகில் ஒருவன் அவனது கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அசைந்தவுடன் அவன் இழுத்துத் தூக்கவேண்டும். கீழே உள்ளவனுக்கு மேலே உள்ளவனிடம் ஐயம் தோன்றிவிடுமாயின், அவன் கண் சிப்பியை நாடுமா, கயிற்றை நாடுமா? ஒரே மூச்சை இரண்டு வேலைக்கும் பங்கிட்டவன் குறைந்த சிப்பியோடுதான் மேலே வருவான். அவனைச் சோம்பேறி என்பாரும் உளர்.

வகுப்பறையில் ஐயத்தோடு அமர்ந்திருக்கும் மாணவன் நிலையும் இதுவே. ஆசிரியர் கட்டுரையைத் திருத்திச் சிவப்பு மையால் கோடிட்டால், பிழை எழுத்தில் உள்ளதா, தன் பிறப்பில் உள்ளதா என்று அவன் நினைக்கின்றான். புகழ்ந்தாலும், மெய்யாகப் புகழ்ந்தாரா, இரக்கத்தாற் புகழ்ந்தாரா என்று நினைக்கின்றான். இவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. யாரிடஞ் சென்று கேட்பது? நாடோறும் இங்ஙனம் இரட்டை வேலை செய்யும் மனம் களைத்துவிடுகின்றது. தூக்கங் கெடுதல், காரணந் தெரியாத வயிற்றுவலி, பள்ளிக்குப் புறப்படும் வேளையில் தலைசுற்றல், எளிதில் எழுஞ் சினம், பின் யாரோடும் பேசாமை என இக்களைப்பு பலவாறு வெளிப்படும். வீட்டார் இதனைப் படிப்பில் விருப்பமின்மை என்பர். ஆசிரியர் ஒழுங்கின்மை என்பர்.

பிரித்து வைத்தல் பிள்ளையின் உள்ளத்தை ஊறுபடுத்தும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட வரலாறு அமெரிக்காவில் உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னுங் கறுப்பினத் தம்பதியர் 1940-களில், கறுப்பு நிறப் பொம்மையையும் வெள்ளை நிறப் பொம்மையையுங் காட்டிக் குழந்தைகளை வினவினர். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளுட் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். 1954 மே 17-இல் பிரௌன் வழக்கில் நிறவாரிப் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கிளார்க்கின் ஆராய்ச்சியையும் அடிக்குறிப்பிற் சுட்டிற்று.

ஆனால் அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, நம் திருநெல்வேலிச் சீமையில் இதே வழக்கு மன்றமின்றி நடந்து முடிந்தது. வ. வே. சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலத்தைத்தான் கூறுகின்றோம். ஐயர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. சிறுகதை வரலாறு படிப்பவர் எவரும் அவரைக் கடந்து செல்லல் இயலாது. நாட்டுக்கு உழைக்கும் இளைஞரை வளர்ப்பதே குருகுலத்தின் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியும் அதற்கு ஐயாயிரம் ரூபாய் உதவிற்று. அத்தகைய இடத்திலே பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அங்குப் பயின்ற சிறுவர் வாயிலாகவே இச்செய்தி வெளிப்பட்டதென்பர். வரதராஜுலு நாயுடுவும், அந்நாளிற் காங்கிரஸிலிருந்த ஈ. வெ. ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். 1925-இல் ஐயர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் புகுந்து உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றை எழுதுவோர் தலைவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். கட்சிகள் பிரிந்ததைப் பற்றி எழுதுகின்றனர். பந்தியிலே தனியே பிரிக்கப்பட்டுக் கையில் உருண்டையோடு அடுத்த அறையை நோக்கியிருந்த சிறுவர் என்ன நினைத்தனர் என்று வினவுவாரைக் காணோம். ஒரு வேளைச் சோறு, அதுவும் சைவச் சோறு. இதில் என்ன பெரிய கேடு என்று அந்நாளிற் கேட்டாரும் இருந்தனர். உத்தரப் பிரதேசத்துச் சோதனையைப் படித்தபின் அவ்வினாவுக்கு விடை தெரிகின்றது.

கிறித்தவராகிய நாம் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் எழுதிச் செல்லல் நேர்மையன்று. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளிற் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிடவேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் அதனை ஏலாது சபையினின்று நீங்கினோர் பலர். ஆலயத்தில் அமரும் வரிசையும், நற்கருணைக்கு முன்செல்லும் முறையும் அவர்க்கு விசுவாசத்தினும் பெரியனவாயிருந்தன.

மற்றொரு புறம், இதே கரையிற் பிறந்த ஒருவர் நிறவேற்றுமையின் நோவை உலக மன்றத்தில் எடுத்துரைத்தார். திருச்செந்தூருக்கு அணித்தான வெள்ளாளன்விளையில் 1874-இற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர். 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்னும் பெயர் பெற்றார். அதற்கு ஈராண்டு முன்னர், 1910-இல் எடின்பரோவிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், வெள்ளையர் நிறைந்த அவையிலே எழுந்து நின்று, மிஷனெரிமார் தம் உடலையும் பொருளையும் ஈந்தமைக்கு நன்றி கூறியபின், அவர்களிடமிருந்து நாம் இன்னும் பெறாதது நட்பே என்றும், அதனையே வேண்டுகின்றோம் என்றும் கூறினார். அவையோர் பலர்க்கு அது கசந்தது. பள்ளி இருந்தது, வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. ஆயினும் உடன்வைத்துப் பழகுதல் இல்லாதபோது மனம் நிறைவதில்லை என்று அவர் கண்டதே நாமும் இன்று காண்பது.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை அறியாதார் இரார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, அவன் பள்ளியிற் பயிலும் பிற சாதி மாணவர் சிலர் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுண்டாள். அரிவாளைக் கண்டு நாடு அதிர்ந்தது. அரிவாளுக்கு முன்பு நிகழ்ந்ததை நாடு அவ்வளவாக நோக்கவில்லை. அம்மாணவன் உடன்பயில்வோரது தொல்லை தாங்காது சில நாள் பள்ளிக்கே செல்லாது நின்றிருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டறிந்த பின்னரே முறையீடு எழுந்தது. முறையீட்டின் பின்னரே வெட்டு. மனம் நொந்ததற்கு முதற்சான்று மருத்துவமனைச் சீட்டன்று, வருகைப் பதிவேடு.

2025 மார்ச்சு 10-இல் நம் மாவட்டத்து ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலும் இதுபோன்றதே நிகழ்ந்தது. தேர்வெழுதப் பேருந்திற் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை வழிமறித்து வெட்டிக் கைவிரல்களைத் துண்டித்தனர். வெட்டியவரும் பதின்வயதினரே. எழுதுங் கை அது என்பதை நினைக்க நம் கை நடுங்குகின்றது.

நாங்குநேரி நிகழ்ச்சியின் பின்னர்த் தமிழக அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர்க் குழுவாக அமைத்தது. அவர் 2024 ஜூன் 18-இல் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். பத்திரிகைகள் அதில் நெற்றிக்குறியையும் கைக்கயிற்றையும் பற்றிய பரிந்துரைகளையே பெரிதாக்கி வாதாடின. கைக்கயிறு சிறு பொருளன்று என்பது மெய். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என நிறத்துக்கொரு சாதியாகப் பள்ளிப் பிள்ளைகள் கயிறு கட்டுவது பற்றி 2019-லேயே கல்வித்துறை சுற்றறிக்கை விடுத்தது. அது சர்ச்சைக்குள்ளாகி நின்றுபோயிற்று. ஆனால் அறிக்கையில் நம் கருத்தை மிகவும் கவர்ந்தவை வேறு சில, பேசுவாரற்றுக் கிடப்பவை. மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைத்தல். வருகைப் பதிவேட்டிற் சாதிக் குறிப்பு இல்லாதிருத்தல். உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பிற் கூவாது தனியே அழைத்துச் சொல்லுதல். ஆசிரியர் மாணவரைச் சாதி சுட்டி அழையாதிருத்தல். பள்ளிகளின் பெயரில் ஒட்டியுள்ள சாதிப் பெயரை நீக்குதல். இவை ஒவ்வொன்றும், அன்று அச்சிற்றூர்ச் சோதனையிற் சிறுவர் காதுபட வாசித்த அந்த ஒரு சொல்லை வாசியாதிருத்தற்கு வகுத்த வழிகளே.

பெயரில் என்ன இருக்கின்றது என்பாருக்கு நம் மாவட்டமே விடை. 1986-இற் பிறந்தபோது இதற்கு வ. உ. சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். தொண்ணூறுகளிற் சாதிக் கலவரம் மூண்டு, 1997-இல் போக்குவரத்துக் கழகமொன்றுக்கு ஒரு வீரர் பெயர் சூட்டியதே பூசலாயினபோது, அரசு எல்லா மாவட்டங்களினின்றும் கழகங்களினின்றும் தலைவர் பெயர்களை எடுத்துவிட்டது. கப்பலோட்டிய தமிழரையே ஒரு சாதியார்க்குரியவராகக் கருதும் நிலைக்கு நாம் இறங்கினோம். அதனால் அவர் பெயரையும் இழந்தோம்.

'சாதியைப் பற்றிப் பேசாதிருந்தால் அது தானே மறைந்துவிடும். பின் சான்றிதழும் ஒதுக்கீடும் எதற்கு?' என்று நம் நண்பருள்ளே கேட்பார் உண்டு. இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்கலாகாது. அலுவலகத்துப் பேழையில் இருக்குஞ் சான்றிதழ் வேறு. வகுப்பறையில் எழும் அறிவிப்பு வேறு. முன்னது நெடுநாள் மறுக்கப்பட்ட இடத்தைப் பெற்றுத் தருவது. பின்னது பெற்ற இடத்தில் அவனை இருக்கவொட்டாது செய்வது. நோயாளியின் நோய்க்குறிப்பு மருத்துவரிடம் இருக்கவேண்டுமென்பதால், அதனை மருத்துவமனை வாயிலில் எழுதித் தொங்கவிடலாமா? இனி, பேசாதிருத்தல் என்பதும் வாய்மூடிக் கிடத்தலன்று. ரோஹித் வெமுலா ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17-இலும், பாயல் தாட்வி என்னும் இளம் மருத்துவர் மும்பையில் 2019 மே 22-இலும் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்விருவர் அன்னையரும் உயர்கல்வி நிலையங்களிற் சாதிக் கொடுமையைத் தடுக்குமாறு உச்ச நீதிமன்றத்தை நாடினர். கொடுமையைப் பெயர் சொல்லிக் கூறாமல் அதற்கு நீதி கேட்டல் எங்ஙனம்?

அவ்வுச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலை பற்றிய மற்றொரு வழக்கில் 2025 ஜூலை 25-இல் நாடெங்குமுள்ள கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவரேனும் உள்ள நிலையம் தேர்ச்சி பெற்ற மன ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்தவேண்டும். மதிப்பெண் கொண்டு பிரித்துவைத்தலும், பலர் முன்னிலையில் அவமதித்தலும் கூடா. பின்தங்கிய பிரிவு மாணவரிடம் பரிவோடும் வேற்றுமையின்றியும் நடக்க ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் பயிற்சி அளிக்கவேண்டும். உதவி எண்களை யாவருங் காண எழுதிவைக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. மன ஆலோசகரை அமர்த்துதலும் பிரித்து வைத்தலை நிறுத்துதலும் ஒரே பட்டியலில் நிற்பதைக் காண்க. ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதற்கு அந்நெறிமுறை இடந்தரவில்லை.

இவ்வாலோசகரைப் பற்றியும் ஒரு சொல். அவரது அறை முதல்வர் அறைக்கு எதிரே, யார் நுழைகின்றார் என்று வராந்தா முழுதும் காணுமாறு இருக்குமாயின் எவரும் நுழையார். நம் ஊரின் வழக்கும் பேச்சும் அறியாதவராயின், உப்பளத்திற் கூலி செய்யும் தாயின் மகன் 'ஒன்றுமில்லை' என்று கூறும்போது அதன் பொருளை அவர் அறிவதும் அரிது. நேரிற் செல்ல நாணுவோர்க்கு, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசுப் பணியின் 14416 என்ற எண் உண்டு. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலே பேசலாம். விடுதி அறிவிப்புப் பலகையில் உணவுப்பட்டியலுக்கு மேலே இவ்வெண்ணை எழுதிவைத்தல் நன்று. உணவுப்பட்டியலைப் படியாதார் விடுதியில் இல்லை.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று ஸ்ரீவைகுண்டம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் ஆசிரியராயிருப்பர். சென்னையினின்றோ டில்லியினின்றோ ஆணை வருங்காறும் காத்திராமலே அவர் செய்யத்தக்கவை சில உள. ஆண்டுத் தொடக்கத்தில் அகரவரிசையில் உட்கார வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை அவ்வரிசையைச் சுழற்றலாம். உதவித்தொகைப் படிவத்தை ஒரு சிலரைக் கூவியழைத்துக் கொடாது, மூடிய உறையிற் கொடுக்கலாம். காரணமின்றி மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் மாலையே செல்லலாம். சென்று, 'ஏன் வரவில்லை?' என்று கேளாது, 'வகுப்பில் உன்னருகே உட்கார்வது யார்?' என்று கேட்டுப் பார்க்கலாம்.